தலையில் அடி, வாலில் பொருள்

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்துக்குக் குடிவந்த ஐந்தாவது வருடம் மாதச் சம்பள வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக மென்பொருள் சோதனை வேலைகளை எடுத்துச் செய்யத் தொடங்கினேன். நெதர்லாந்தில் சம்பளத்துக்கு இருப்பவர் நோயில் படுத்தால், முதலாளி இரண்டு வருடம் வரை சம்பளத்தில் குறைந்தது 70 சதவீதம் கொடுத்தாக வேண்டும். தனியாளாகத் தொழில் செய்பவனுக்கு அந்தக் குடை கிடையாது. வேண்டுமானால் தன் செலவில் ஒரு காப்பீடு எடுத்துக்கொள்ளலாம். அந்தக் காப்பீட்டின் பெயர் இது:

அர்பெய்ட்ஸ்ஒன்ஹெஸ்ஹிக்ட்ஹெய்ட்ஸ்வெர்ஸேகெரிங்.

ஒரே சொல்தான். டச்சு எழுத்தில் 33 எழுத்துகள், நடுவில் மூச்சு வாங்கக்கூட இடைவெளி கிடையாது. (தமிழில் எழுதும்போது சில இடங்களில் ஹ என்று போட்டிருக்கிறேன். உண்மையில் அது தொண்டையைச் செருமுகிற ஒலி. நம் ஆய்தம் இதற்காகத்தான் பிறந்ததோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். நல்லவேளை, ஐந்தோவன் இருக்கும் தெற்குப் பக்கத்தில் கொஞ்சம் மென்மையாகவே செருமுகிறார்கள்.)

ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். சொல்லைத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, ஓர் எழுத்தும் விடாமல் வாசித்தேன். எதிர்முனையில் ஒரு பெண். "வட் ஸெஹ்ட் யூ?" என்றார். என்ன சொல்கிறீர்கள் என்று அர்த்தம். மறுபடி சொன்னேன், இன்னும் நிதானமாக, இன்னும் தெளிவாக. மறுபடியும் அதே கேள்வி. மூன்றாம் முறை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லத் தொடங்கி, பாதி வழியில் அவருக்குப் பிடிபட்டு, வேறொரு பிரிவுக்கு இணைப்பை மாற்றிவிட்டார். நான் எந்த எழுத்தையும் தவறாக உச்சரிக்கவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். பிறகு எங்கே தப்பு?

அடுத்த வருடம் மகள் பள்ளியில் மூன்றாம் ஹ்ரூப்புக்குப் போனாள். ஆறு வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் வகுப்பு அது. அங்கே பிள்ளைகளுக்கு 'ஹக்கன் என் பிளக்கன்' என்று ஒன்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஹக்கன் என்றால் வெட்டுவது, பிளக்கன் என்றால் ஒட்டுவது. சொல்லைக் கத்தரித்து, பிறகு ஒட்டவைத்துப் படிப்பது. மாலையில் சமையலறை மேசையில் உட்கார்ந்து கையைத் தட்டித் தட்டிச் சொற்களை நறுக்கிக்கொண்டிருப்பாள். கறிவேப்பிலை உருவிக்கொண்டே நானும் சேர்ந்து தட்டுவேன்.

அசைக்கு டச்சில் 'லெட்டர்ஹ்ரேப்' என்று பெயர். லெட்டர் என்பது எழுத்து, ஹ்ரேப் என்பது பிடி. ஒரு பிடி அரிசி என்கிற மாதிரி ஒரு பிடி எழுத்து. சொல்லில் ஓர் அசையை மட்டும் பலமாகச் சொல்கிற அழுத்தத்துக்கு 'கிளெம்டோன்'. கிளெம் என்றாலும் இறுக்கிப் பிடிப்பதுதான். இரண்டு சொல்லிலும் கை இருக்கிறது. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் மகள் நோட்டில் நான்கு சொற்கள் எழுதியிருந்தாள். மன், மன்னன், மான், மானன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன் என்றால் ஆண், மன்னன் என்றால் ஆண்கள். மான் என்றால் நிலா, மானன் நிலாக்கள். நம் காதுக்கு மானும் மன்னனும் காட்டில் வேட்டையாடிக்கொண்டிருப்பது போல இருக்கிறது. சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"அப்பா, தப்பு" என்றாள். "அதுல ரெண்டு 'ன்' கிடையாது."

"எழுதியிருக்கே!"

"எழுதுறது ரெண்டு. சொல்றது ஒண்ணு."

அங்கேதான் எனக்கு ஒரு முடிச்சு அவிழ்ந்தது. தமிழன் இரட்டை மெய்யைப் பார்த்தால் இரண்டையும் சொல்லாமல் விடமாட்டான். படு வேறு, பட்டு வேறு என்று வளர்ந்தவர்கள் நாம். டச்சில் இரட்டை எழுத்து மெய்க்காக எழுதப்படுவதில்லை, அதற்கு முன்னால் இருக்கும் உயிர் குறில் என்று காட்டுவதற்காக எழுதப்படுகிறது. ஒற்றை உயிரெழுத்தாக எழுதினால், அசை அந்த உயிரில் முடியும்போது அது நெடில், மெய்யில் அடைபட்டால் குறில். மானன் என்பதில் முதல் அசை 'மா' என்று திறந்து கிடப்பதால் ஓர் 'அ' எழுத்தே போதும். மன்னன் என்பதில் அசையை அடைக்க ஒரு 'ன்' கூடுதலாக வேண்டும். ஆக, அசை எங்கே வெட்டுப்படுகிறது என்று தெரியாதவனுக்கு டச்சு எழுதவே வராது. கடைசியில் நிற்கும் 'ன்' கூடப் பேச்சில் பெரும்பாலும் காணாமல் போகும். மன்னன் என்று எழுதி 'மனெ' என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

பள்ளியில் இதற்கு இரண்டு தனித்தனிப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். காதுக்குக் கேட்கும் துண்டு 'கிளங்க்ஹ்ரூப்', அதாவது ஒலிக்கூட்டம். தாளில் வெட்டும் துண்டு லெட்டர்ஹ்ரேப். காதில் 'ம-னெ', தாளில் 'மன்-னன்'. பிள்ளை இரண்டையும் கலந்துவிடக் கூடாது. ஆறேழு வயதில் இத்தனை நுணுக்கமா என்று நினைத்தேன். நம் பிள்ளைகள் நேரசை, நிரையசை என்று பிரிப்பது அதற்கெல்லாம் பல வருடம் கழித்து, அதுவும் செய்யுளுக்கு.

நீளச் சொல்லுக்கு வரும்போது மூன்றாவதாக ஒரு கத்தி வேண்டும். பொருளின் கத்தி. சாதாரணச் சொல்லில் இரண்டு உயிருக்கு நடுவே நிற்கும் ஒற்றை மெய், பின்னால் வரும் அசைக்குப் போகும். கூட்டுச் சொல்லில் அந்த விதி உறுப்புகளின் எல்லையைத் தாண்டாது. வல்கௌல் என்றொரு சொல். வல்-கௌல் என்று வெட்டினால் விழவைக்கும் பள்ளம், பொறி. வல்க்-ஔல் என்று வெட்டினால் வல்லூறு-ஆந்தை. அப்படி ஒரு பறவை கிடையாது, ஆனால் எழுத்துகள் அச்சாக அவையே. டச்சுக்காரர்கள் இந்த மாதிரிச் சொற்களைச் சேகரித்து வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் சீண்டுவார்கள். எனக்குப் பிடித்தது மசாஜ் கட்டில். மஸ்ஸாஜெ-பெட் என்று வெட்டினால் மசாஜ் செய்துகொள்ளப் படுக்கும் கட்டில். அதே எழுத்துகளை மஸ்ஸ-ஹெபெட் என்று வெட்டினால் கூட்டுப் பிரார்த்தனை. முதலாவதில் அழுத்தம் இரண்டாம் அசையில், இரண்டாவதில் முதல் அசையில். ஒரே எழுத்து ஓரிடத்தில் ஜ, இன்னோரிடத்தில் தொண்டைச் செருமல். வெட்டு மாறினால் ஒலி, அழுத்தம், இடம், ஆடை எல்லாமே மாறிவிடுகிறது.

இந்த விளையாட்டு எல்லா இடத்திலும் எடுபடாது என்பதைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். ஸேலண்ட் மாகாணத்தில் பிறந்தவர், எழுபதைத் தாண்டியவர். ஒரு மாலை அவர் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, புதிதாகத் தெரிந்துகொண்ட ஒரு சொல்லைப் பெருமையாக எடுத்துவிட்டேன். டெய்க்ரம்ப். டெய்-க்ரம்ப் என்றால் தொடைப் பிடிப்பு, டெய்க்-ரம்ப் என்றால் அணை உடைந்த பேரிடர். எது என்று சொல்லுங்கள் பார்க்கலாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. 'டெ ரம்ப்' என்று மட்டும்தான் சொல்வோம்."

1953 பிப்ரவரி 1-ஆம் தேதி அதிகாலையில் கடல் உள்ளே வந்தது. நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். பாடப்புத்தகத்தில் அதற்கு வாட்டர்ஸ்நோட்ரம்ப் என்று நான்கு அசைப் பெயர். அனுபவித்தவர்கள் வாயில் 'ரம்ப்' என்று ஓர் அசை. இத்தனை நீளச் சொற்கள் உள்ள ஊரில், மிகப் பெரிய துயரத்துக்கு மிகச் சிறிய சொல். நான் காப்பியைக் குடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனேன்.

அழுத்தத்தை எனக்குச் சரியாகக் காட்டிக் கொடுத்ததும் அவர்தான். வேறொரு நாள், அந்த வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய தடுப்புகளைப் பற்றிப் பேச்சு வந்தது. ஸ்டொர்ம்-வ்லூட்-கே-ரிங். புயல், பெருக்கு, தடுப்பு. நான் நான்கு அசையையும் நான்கு கல் போல வைத்தேன். அவர் மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். முதல் தட்டு நல்ல சத்தம். அடுத்த மூன்றும் படி இறங்குவது போல, வரவரத் தணிவாக. "நீங்கள் நான்கு பேரைக் கூப்பிடுகிறீர்கள்" என்றார். "வருவது ஒருவர்தான்."

டச்சுக் கூட்டுச் சொல்லின் விதி ஏறக்குறைய இவ்வளவுதான். முதல் உறுப்பு தனியாக நிற்கும்போது அதற்கு எங்கே அழுத்தம் விழுமோ, மொத்தச் சொல்லுக்கும் அங்கேதான் முதன்மை அழுத்தம். பின்னால் வரும் உறுப்புகளின் அழுத்தம் செத்துப்போவதில்லை, மேடாக இருந்தது சின்ன முண்டாகிவிடும். இதில் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. முதல் உறுப்பு என்றுதான் சொன்னேன், முதல் அசை என்று சொல்லவில்லை. வீட்டுக்கடன் வட்டிக்கான வரிக்கழிவுக்கு ஹி-போ-டேக்-ரென்-டெ-அஃப்-ட்ரெக் என்று பெயர். தேர்தலுக்குத் தேர்தல் சண்டை போட உதவும் சொல். ஹிபோடேக் என்பதில் அழுத்தம் கடைசி அசையில். ஆகவே ஏழு அசையில் மூன்றாவதான 'டேக்'கில் அடி விழுகிறது. முன்னால் இரண்டு படி ஏறி, உச்சியில் நின்று, பிறகு சரிய வேண்டும். உயிர் மங்கி 'எ'வுக்கும் 'அ'வுக்கும் நடுவில் கரைந்துபோன அசை, அதாவது ரென்டெயில் வரும் 'டெ' போன்றது, அழுத்தத்தைத் தாங்கவே தாங்காது. அதில் கை வைக்கவே கூடாது.

இப்போது என் 33 எழுத்தைப் பிரித்துப் பார்க்கலாம். அர்-பெய்ட்ஸ்-ஒன்-ஹெ-ஸ்ஹிக்ட்-ஹெய்ட்ஸ்-வெர்-ஸே-கெ-ரிங். பத்து அசை. அர்பெய்ட் என்றால் வேலை. ஹெஸ்ஹிக்ட் என்றால் தகுந்த. ஒன் வந்து ஒட்டினால் தகாத. ஹெய்ட் என்பது நம் '-மை' விகுதி. வெர்ஸேகெரிங் காப்பீடு. நடுவில் இரண்டு இடத்தில் ஒரு 'ஸ்' எட்டிப் பார்க்கிறது. அதற்குப் பொருள் எதுவும் கிடையாது, இரண்டு உறுப்புகளைச் சேர்த்துத் தைக்க வந்த நூல். பனையும் காயும் சேரும்போது நடுவில் ஓர் 'அம்' வந்து பனங்காய் ஆகிறதே, அந்தச் சாரியைதான் இது. தமிழ் ஆசிரியர் இலக்கண வகுப்பில் சாரியை, சாரியை என்று கரும்பலகையில் எழுதியதெல்லாம் இருபத்தைந்து வருடம் கழித்து ஐந்தோவனில் எனக்குப் பயன்படும் என்று யாருக்குத் தெரியும்!

அதைவிட எனக்கு ஆச்சரியம், வரிசை அப்படியே நம் வரிசை. வேலைக்கு-இயலாமை-காப்பீடு. பொருளின் தலைமை கடைசி உறுப்பில். மருத்துவக் காப்பீடு ஒரு வகைக் காப்பீடு, காப்பீட்டு மருத்துவர் ஒரு வகை மருத்துவர் என்பது போலத்தான். டச்சில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் டெ, ஹெட் என்று இரண்டு குறிச்சொற்களில் ஒன்று வர வேண்டும். எது என்பதையும் கடைசி உறுப்பே சொல்கிறது. ஹௌஸ் என்ற வீட்டுக்கு ஹெட் என்பதால், நோயாளிகள் வீடான ஸீகன்ஹௌஸ் என்ற மருத்துவமனைக்கும் ஹெட்.

பொருள் வாலில் இருக்கிறது, அடி தலையில் விழுகிறது. நான் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான். தமிழில் சொல்லின் பொருளை மாற்றுகிற வேலையை அழுத்தம் செய்வதில்லை. குறில், நெடில், ஒற்று இவை போதும். எனவே எல்லா அசைக்கும் சமபந்தி போடுவது நம் வாய்க்குப் பழக்கம். போதாக்குறைக்கு, முக்கியமான சொல் காப்பீடுதானே என்று வெர்ஸேகெரிங்கில் ஒரு தட்டு கூடுதலாகத் தட்டியிருப்பேன். எதிர்முனையில் இருந்த பெண்ணுக்கு அது ஒரு சொல்லாகக் கேட்டிருக்காது. வேலை, தகாத, காப்பீடு என்று யாரோ வெவ்வேறு சொற்களைத் தந்தி போல வாசித்ததாகத்தான் கேட்டிருக்கும். முதல் அடி பலமாக விழுந்து மற்றவை தணிந்து வந்தால்தான், இன்னும் முடியவில்லை, வால் வந்துகொண்டிருக்கிறது என்று டச்சுக் காது காத்திருக்கும். நிதானமாகச் சொல்லச் சொல்ல நான் அந்தக் காதுக்கு இன்னும் இடைஞ்சல்தான் செய்திருக்கிறேன்.

டச்சுக் காது அழுத்தத்தை எவ்வளவு நம்புகிறது என்பதை நைமேஹன் நகரத்து மேக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தோடு தொடர்புள்ள ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். ஒக்டோபஸ் என்ற சொல்லுக்கு அழுத்தம் முதல் அசையில். ஒக்டோபர் மாதத்துக்கு இரண்டாம் அசையில். 'ஒக்டோ' வரைக்கும் ஒலிகள் ஒன்றுதான். ஆனாலும் சொல் முடிவதற்கு முன்பே, வரப்போவது கடல் பிராணியா மாதமா என்று கேட்பவர்கள் அழுத்தத்தை வைத்துப் பிரித்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட காதிடம் போய் நான் பத்து அசையையும் சமமாகக் கொட்டியிருக்கிறேன்.

விதி இருந்தால் விலக்கு இல்லாமல் இருக்குமா? அலுவலகத்தில் ஒருமுறை, இந்தத் தவறுகள் நடக்காமல் தடுக்க வேண்டும் என்று சொல்ல வாய் திறந்தேன். வோர்கோமன் என்ற வினையில் 'கோ'வை அழுத்தினால் தடுப்பது, 'வோர்'ரை அழுத்தினால் நிகழ்வது. நான் பாடம் படித்த விதிப்படி தலையை அழுத்தினேன். தவறுகள் நிகழ வேண்டும் என்று ஆகிவிட்டது. சோதனைக்காரன் வாயிலிருந்து வந்ததால் எல்லோரும் அதை வேண்டுதலாகவே எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். ஊர்ப் பெயர்களும் தம் இஷ்டத்துக்குத்தான். அம்ஸ்டெர்டம், ரொட்டெர்டம் இரண்டுக்கும் அடி கடைசி 'டம்'மில், அதாவது அணையில். ஐந்தோவனுக்கு முதலில். நகராட்சிக் கட்டடமான ஸ்டட்ஹௌஸில் அடி 'ஹௌஸ்' மேல். அதில் உட்கார்ந்திருக்கும் மேயர் பர்ஹெமேஸ்டருக்கு 'மேஸ்' மேல். குளிர்காலத்தில் மசித்துச் சாப்பிடும் பூரன்கோலுக்கு, அந்தச் சுருட்டைக் கீரைக்கு, 'கோல்' மேல். இவற்றுக்கெல்லாம் காரணம் தேடி நான் நேரத்தைச் செலவழிக்கவில்லை. மனப்பாடம்தான்.

இயந்திரமும் இதே பள்ளத்தில்தான் விழுகிறது. பத்திரிகையின் ஒடுங்கிய பத்தியில் நீளச் சொல் வரி முடிவில் உடைய வேண்டும். எங்கே உடைப்பது என்று கணினிக்கு எழுத்து வடிவங்களைக் கொண்டு கற்றுக்கொடுக்கும் முறையை ஃபிராங்க் லியாங் 1983-இல் ஸ்டான்ஃபோர்டில் தன் முனைவர் ஆய்வாகச் செய்தார். டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. எழுத்து வரிசையை மட்டும் பார்க்கும் முறைக்கு வல்கௌல் பள்ளமா பறவையா என்று தானாகத் தெரியாது. யாராவது முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும். டச்சில் இன்னொரு வேடிக்கை, வரி உடையும்போது எழுத்தே காணாமல் போகும். ஓமா என்றால் பாட்டி. செல்லமாகச் சொன்னால் ஓமாட்யெ, இரண்டு 'அ' எழுத்து. வரி முடிவில் ஓமா என்று உடைந்தால் அசை திறந்துவிடுகிறது, ஓர் 'அ' போதும், இன்னொன்றை எடுத்துவிட வேண்டும். சோதனைக்காரனாக இந்த விதியைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது பரிதாபம்தான். இதை நிரலாக எழுதியவர் எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்தாரோ.

பிப்ரவரி பக்கம் இங்கே கார்னிவல் வரும். அந்த நாட்களில் ஐந்தோவனுக்குப் பெயரே மாறி 'லம்பெஹட்' ஆகிவிடும், பல்பு தயாரித்த ஊர் என்பதால். மகளுக்குக் காகிதக் கிரீடம் ஒட்டிக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு சவால் விட்டேன். கின்டெர்கர்நாவல்ஸ்ஒப்டொஹ்ட்வோர்பெரெய்டிங்ஸ்வெர்க்ஸாம்ஹேடன். பிள்ளைகள் கார்னிவல் ஊர்வலத்துக்கான ஆயத்த வேலைகள். 49 எழுத்து. பேச்சில் யாரும் இதைச் சொல்வதில்லை, சாதனைக்காகக் கட்டிய சொல். அவள் பசை ஒட்டிய கையோடு தட்டினாள். பதினைந்து தட்டு. முதல் 'கின்'னில் மட்டும் மேசை அதிர்ந்தது. யாரும் அவளுக்கு அந்த விதியைச் சொல்லித் தரவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. சைக்கிளில் போகும்போது என் 33 எழுத்தை மிதிக்கு ஒன்றாகப் பழகினேன். 'அர்' மேல் முழு பலம், 'ஒன்'னில் ஒரு சின்ன முண்டு, 'ஸே'யில் இன்னொன்று, மற்றவை எல்லாம் இறக்கத்தில் உருளும் சக்கரம். 2022 மார்ச்சில் நகராட்சித் தேர்தல் வந்தது. ஐந்து வருடம் சட்டப்படி குடியிருந்தால் குடியுரிமை இல்லாதவரும் அதில் வாக்களிக்கலாம். மேசைவிரிப்பு அகலத்துக்கு ஒரு வாக்குச்சீட்டு, கையில் சிவப்புப் பென்சில். ஹெமேன்டெராட்ஸ்வெர்கீஸிங்கன் என்ற எட்டு அசையை, இரண்டாவதான 'மேன்'னில் அடி வைத்து, மேசையில் இருந்த தன்னார்வலரிடம் தேவையே இல்லாமல் சொல்லிவிட்டு வந்தேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அதுதான் எனக்கு வெற்றி.

அந்தத் தெம்பில், காப்பீட்டை மாற்றுவதற்காக வேறொரு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். இந்த முறை ஓர் இளைஞன் எடுத்தான். மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு, தலையில் அடித்து, வால் வரைக்கும் தணிந்து, பத்து அசையையும் ஒரே சொல்லாக இறக்கிவைத்தேன். மகள் பென்சிலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினாள்.

எதிர்முனையில் ஒரு நொடி அமைதி.

"ஓ," என்றான் அவன். "ஆ-ஓ-வே வேண்டுமா?"

மூன்று உறுப்புகளின் முதலெழுத்துகள். ஊரே அப்படித்தான் சொல்கிறதாம். இந்தச் சுருக்கப் பெயர்களுக்கு அழுத்தம் கடைசி எழுத்தில் விழும் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். மகள் மேசையில் மூன்று தட்டு தட்டினாள், மூன்றாவதை பலமாக.